வீடு மாறப் போகிறீர்களா? முதலில் ஒரு ஒர்க்ஷீட் போடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எக்செல் பழகினீர்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஆபீசில் கணக்கு எழுதுபவர்களுக்கு" என்று பதில் வரும். கேம்ஸ் விளையாடுவோம், பாட்டுக் கேட்போம், கடிதம் டைப் செய்வோம். கட்டம் கட்டமாக இருக்கும் அந்தப் புரோகிராமை மட்டும் திறக்க மாட்டோம். ஆனால் வீட்டில் நடக்கும் பெரிய வேலை ஒன்றுக்கு அதைப் போல உதவும் புரோகிராம் வேறு கிடையாது. வீடு மாறுவதைத்தான் சொல்கிறேன்.

2025 பிப்ரவரியில் என் பெற்றோர் குன்னூரிலிருந்து சென்னைக்கு வீடு மாறினார்கள். அப்பா தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நிர்வாகமே வீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதன் மறுபக்கம், வேலை முடிந்தால் வீடும் முடிந்துவிடும். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யத் தேதி குறித்துக் கடிதம் வந்தது. முப்பது வருடம் ஒரே வீட்டில் சேர்ந்த சாமான்கள். போக வேண்டியது சென்னையில் இரண்டு படுக்கை அறை கொண்ட ஒரு வாடகை வீடு. நான் சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்ப்பதால், "உன் கம்ப்யூட்டரை வைத்து ஏதாவது செய்" என்று அப்பா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். அப்போது போட்ட ஒர்க்ஷீட்டையே இங்கே பாடமாகத் தருகிறேன். நான் செய்த தவறுகளும் இதில் உண்டு.

சென்னைக்கும் நீலகிரிக்கும் இடையில் வீடு மாறுவது பழைய கதைதான். சென்னை வெயிலுக்குப் பயந்து 1870-களிலிருந்து மாகாண அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு இடம் பெயர்ந்தது. மேட்டுப்பாளையம் வரை 1873-இல் ரயில் வந்தது. மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899-இல், ஊட்டியைத் தொட்டது 1908-இல். அதற்கு முன்பெல்லாம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே வண்டி மாடுகள்தான். கோப்புகள், மேசைகள், ஆளுநர் வீட்டுச் சாமான்கள் என்று வருடா வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். அத்தனை பெட்டிகளுக்கும் யாரோ ஒரு குமாஸ்தா நம்பர் போட்டுப் பட்டியல் எழுதியிருக்கத்தானே வேண்டும்! அவருக்குப் பேனாவும் பேரேடும். நமக்குக் கம்ப்யூட்டர். அவர்கள் வெயிலிலிருந்து தப்பி மேலே போனார்கள், என் பெற்றோர் குளிரிலிருந்து வெயிலுக்கு இறங்கினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

எந்தப் புரோகிராம்?

உங்கள் கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் எக்செல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கிப் பதிந்துகொள்ளுங்கள். அதில் கால்க் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. நாம் இங்கே பார்க்கும் பார்முலாக்கள் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். மெனுவில் பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

புரோகிராமைத் திறந்ததும் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் செல் என்று பெயர். மேலே ஏ, பி, சி என்று எழுத்து போட்டிருப்பவை நெட்டு வரிசைகள். இடது பக்கம் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பவை படுக்கை வரிசைகள். பி நெட்டு வரிசையும் 2-ஆம் படுக்கை வரிசையும் சந்திக்கும் கட்டம் பி2. அவ்வளவுதான். எக்செல்லின் ஒரு ஒர்க்ஷீட்டில் 10,48,576 படுக்கை வரிசைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு 148 போதுமாயிருந்தது.

ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரையில் பார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் செல் பெயர்களையும் பார்முலாப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும். மேற்கோள் குறிக்குள் வரும் தமிழ்ச் சொல்லை மட்டும் தமிழிலேயே அடியுங்கள்.

சாமான் பட்டியல்

முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ-யில் எண், பி-யில் பொருள், சி-யில் இப்போது இருக்கும் அறை, டி-யில் முடிவு, ஈ-யில் நீளம், எஃப்-இல் அகலம், ஜி-யில் உயரம், எச்-இல் எத்தனை, ஐ-யில் கன அடி.

பட்டியல் நீண்டதும் தலைப்பு வரிசை மேலே போய் மறைந்துவிடும். எது நீளம், எது அகலம் என்று குழம்பும். எக்செல்லில் வியூ டேபில் ப்ரீஸ் பேன்ஸ் என்பதைக் கிளிக் செய்து, ப்ரீஸ் டாப் ரோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கால்க்கில் வியூ மெனுவில் ப்ரீஸ் செல்ஸ் என்று இருக்கும். இனி எவ்வளவு கீழே போனாலும் தலைப்பு அங்கேயே நிற்கும்.

இப்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகச் செல்லுங்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ஒரு நோட்டில் எழுதிப் பிறகு டைப் செய்யலாம். எங்கள் வீட்டில் அம்மாதான் அளந்து எழுதினார். இங்கே முதல் தவறு நடந்தது. 2 அடி 6 அங்குலம் என்பதை அம்மா 2.6 என்று எழுதியிருந்தார். நாமெல்லாம் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் கம்ப்யூட்டருக்கு 2.6 என்றால் இரண்டும் பத்தில் ஆறும். அரை அடி என்பது 0.5. ஆகவே 2 அடி 6 அங்குலம் என்பது 2.5 என்றுதான் செல்லில் இருக்க வேண்டும். 3 அங்குலம் என்றால் 0.25, 9 அங்குலம் என்றால் 0.75. நான் நாற்பது வரிசைகளைத் திரும்பத் திருத்தினேன்.

அளவுகளை டைப் செய்த பின் ஐ2 செல்லில் கர்சரை வைத்து இப்படி டைப் செய்யுங்கள்:

=ஈ2*எஃப்2*ஜி2*எச்2

என்டர் கீயை அழுத்துங்கள். கன அடி வந்துவிடும். சமக்குறி போட்டால்தான் இது கணக்கு என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு. அடுத்த 147 வரிசைகளிலும் இதையே டைப் செய்ய வேண்டுமா? வேண்டாம். ஐ2 செல்லைக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். மவுஸ் கர்சரை அதன் மேல் கொண்டு சென்று டபுள் கிளிக் செய்யுங்கள். பட்டியல் முடியும் வரை பார்முலா தானாக இறங்கும். மூன்றாவது வரிசையில் அது தானே ஈ3, எஃப்3 என்று மாறியிருப்பதையும் பாருங்கள்.

எடு, கொடு, விற்பனை, யோசி

டி நெட்டு வரிசைதான் முக்கியமானது. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு முடிவுகளில் ஒன்று. எடு, கொடு, விற்பனை, யோசி. இதைக் கையால் டைப் செய்தால் ஒரு இடத்தில் விற்பனை என்றும் இன்னொரு இடத்தில் விற்க என்றும் வரும். சில இடங்களில் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். கணக்கில் அந்தப் பொருள் விடுபட்டுப் போகும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. டி2 முதல் டி200 வரை தேர்ந்தெடுங்கள். டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் என்ற கட்டத்தில் நான்கு சொற்களையும் கமா போட்டு டைப் செய்து ஓகே கொடுங்கள். கால்க்கில் இதற்கு வேலிடிட்டி என்று பெயர், சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாகத் தர வேண்டும். இனி டி செல்லைக் கிளிக் செய்தால் ஒரு சின்ன அம்புக்குறி வரும். அழுத்தினால் நான்கு சொற்களும் தெரியும். டைப் செய்யாமல் அதிலிருந்தே தேர்ந்தெடுத்தால் போதும்.

பட்டியலைப் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். "வீட்டையே எண்ணிப் பார்த்துட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் கழித்து வந்த பதிலில் 148 வரிசையிலும் "எடு" என்றே எழுதியிருந்தது.

சரி, அப்படியே கூட்டிப் பார்ப்போம் என்று ஒரு காலி செல்லில் இதை டைப் செய்தேன்:

=சம்இஃப்(டி2:டி200,"எடு",ஐ2:ஐ200)

இதற்கு அர்த்தம், டி வரிசையில் எங்கெல்லாம் எடு என்று இருக்கிறதோ அந்த வரிசைகளின் கன அடியை மட்டும் கூட்டு என்பது. முடிவு ஒன்றை மாற்றினால் கூட்டுத்தொகையும் அந்த நொடியே மாறும். விடை 612 கன அடி.

எங்களுக்குப் பேசிய லாரியின் உட்புறம் 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம். பெருக்கினால் 504 கன அடி. ஆனால் சாமான்களை இடைவெளி இல்லாமல் அடுக்க முடியாது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கணக்கிட்டேன். 504-ஐ 0.8 ஆல் பெருக்கினால் சுமார் 403. நீங்கள் வண்டி பேசும்போது டிரைவரிடம் உள் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். "14 அடி வண்டி" என்று பெயர் சொன்னால் போதாது. அளவு ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் மாறும்.

612-ஐ 403-க்குள் கொண்டுவர வேண்டும். இரண்டாவது வண்டி பேசினால் வாடகை இரு மடங்கு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். எனவே டேட்டா டேபில் பில்டரைப் போட்டு, ஐ நெட்டு வரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். இந்த ஒரு கிளிக்கில்தான் விஷயமே இருக்கிறது. நாம் எப்போதும் சின்னச் சாமான்களோடுதான் சண்டை போடுவோம். டம்ளரையும் டப்பாவையும் கழித்தால் இடம் மிச்சமாகாது. எங்கள் பட்டியலில் மேலே வந்தவை பெரிய மர அலமாரி 52, சோபாவும் அதன் இரண்டு நாற்காலிகளும் சேர்ந்து 90, அப்பா சேர்த்து வைத்த பழைய பத்திரிகைகள் 16 பெட்டி, அதாவது 54. வெந்நீர் பாய்லர் 16. இந்த நான்கும் சேர்ந்து 212.

பாய்லரில் யாருக்கும் தகராறு இல்லை. சென்னையில் மே மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். அலமாரி ஈரத்தில் ஊறி அடிப்பலகை உளுத்திருந்தது. சோபாவை அடுத்த லைனில் இருந்த குடும்பத்துக்குக் கொடுத்தோம். பத்திரிகைகளுக்குத்தான் அப்பா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் அவரே அம்புக்குறியை அழுத்திக் "கொடு" என்று மாற்றினார். அவர் கம்ப்யூட்டரில் செய்த முதல் வேலை அதுதான்.

612-இல் 212 போக 400. லாரிக்குள் அடங்கிவிட்டது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒர்க்ஷீட்டுக்குத் தெரியாதது

லாரி டிரைவர் உள்ளூர்க்காரர். இரண்டு நாள் முன்னதாகச் சாமான்களைப் பார்க்க வந்தவர், பட்டியலைக் கையில் வாங்கவே இல்லை. வராந்தாவில் இருந்த பூந்தொட்டிகளைப் பார்த்து, "இதுக்கு மேல ஒண்ணும் வைக்க முடியாதுங்களே" என்றார்.

அம்மாவின் தொட்டிகள் மொத்தம் 20. ஒவ்வொன்றும் 1 அடிக்கு 1 அடி, உயரம் ஒன்றரை அடி. ஆக 30 கன அடி என்றுதான் என் ஒர்க்ஷீட் சொன்னது. ஆனால் செடியின் தலைமேல் பெட்டியை அடுக்க முடியாது. லாரியின் தரை 84 சதுர அடி. அதில் 20 சதுர அடி, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கூரை வரை சும்மா கிடக்கும். பார்முலா சரி, நான் கேட்ட கேள்விதான் தவறு. கம்ப்யூட்டர் படித்த என்னைவிட டிரைவருக்கு இது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

ஜே நெட்டு வரிசையில் "மேலே அடுக்கலாமா" என்று புதுத் தலைப்பு கொடுத்தேன். அடுக்க முடியாத பொருள்களுக்கு மட்டும் அதில் இல்லை என்று டைப் செய்து, ஐ2 பார்முலாவை இப்படி மாற்றினேன்:

=இஃப்(ஜே2="இல்லை",ஈ2*எஃப்2*6*எச்2,ஈ2*எஃப்2*ஜி2*எச்2)

இஃப் என்பது கேள்வி கேட்கும் பார்முலா. முதல் கமாவுக்கு முன்னால் இருப்பது கேள்வி. பதில் ஆம் என்றால் அடுத்திருக்கும் கணக்கைப் போடும், இல்லையென்றால் கடைசியில் இருப்பதைப் போடும். இங்கே, மேலே அடுக்க முடியாத பொருளுக்கு அதன் சொந்த உயரத்தை விட்டுவிட்டு லாரியின் உயரமான 6 அடியை எடுத்துக்கொள்கிறது. டபுள் கிளிக் செய்து கீழே இறக்கியதும் தொட்டிகள் 30-லிருந்து 120 ஆயின. மொத்தம் 490. மறுபடியும் 87 அதிகம்.

தொட்டிகளில் பெரும்பாலானவை ஃபியூசியா, ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா. குன்னூரின் குளிருக்குப் பழகியவை. சென்னைக்கு வந்தாலும் ஒரு கோடையைத் தாண்டாது என்று அம்மாவுக்கே தெரியும். ஆனாலும் "யோசி" என்பதைத் தாண்டி அந்த வரிசை நகரவில்லை. கடைசி நாள் காலையில் நான்கு தொட்டிகள் என்று முடிவானது. துளசி, கற்பூரவல்லி, செம்பருத்தி, ஒரு ஹைட்ரேஞ்சியா. எச் நெட்டு வரிசையில் 20-ஐ 4 என்று மாற்றினேன். 120 போய் 24 ஆனது. மொத்தம் 394.

தேதிகள் ஷீட்

கீழே ஷீட்1 என்ற டேபுக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் இன்னொரு ஷீட் கிடைக்கும். அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்து, தேதிகள் என்று பெயர் வையுங்கள்.

பி1 செல்லில் வீடு மாறும் தேதி. ஏ3-லிருந்து கீழே செய்ய வேண்டிய வேலைகள். பி நெட்டு வரிசையில் எத்தனை நாள் முன்னால் என்ற எண். சி3-இல் பார்முலா:

=$பி$1-பி3

கம்ப்யூட்டர் தேதியை உள்ளுக்குள் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. அதனால் கழிக்கலாம். விடை தேதியாகத் தெரியாமல் வெறும் எண்ணாகத் தெரிந்தால், செல்லை ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் மூலம் டேட் என்று மாற்றுங்கள். டாலர் குறி எதற்கு? முன்பு பார்முலாவைக் கீழே இறக்கியபோது ஈ2 தானே ஈ3 ஆனது அல்லவா? இங்கே பி1 அப்படி மாறக் கூடாது. டாலர் குறி அதை ஆணி அடித்து நிறுத்துகிறது.

நாங்கள் குறித்த தேதி 2025 பிப்ரவரி 5, புதன்கிழமை. தை மாதம் முடிவதற்குள் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. மழைக்காலம் வேண்டாம் என்பது அப்பாவின் கணக்கு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தவர் அவர். ஏப்ரல், மே சீசன் வேண்டாம் என்பது டிரைவரின் கணக்கு. அப்போது குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். மேட்டுப்பாளையம் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் நிற்கும்.

நான் பி1-இல் 5/2/2025 என்று டைப் செய்தேன். முப்பது நாள் முன்னால் என்ற வேலைக்கு 2 ஏப்ரல் என்று விடை வந்தது! அப்பாவின் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்தது. மாதத்தை முதலில் படித்து, மே மாதம் 2-ஆம் தேதி என்று எடுத்துக்கொண்டது. புதுக் கம்ப்யூட்டர் பலவற்றில் இந்தத் தொல்லை இருக்கிறது. உங்களுடையதைச் சோதிக்க ஒரு செல்லில் 25/2/2025 என்று டைப் செய்யுங்கள். செல்லின் வலது ஓரம் ஒட்டி நின்றால் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டது என்று பொருள். இடது ஓரம் ஒட்டி நின்றால் அதை வெறும் எழுத்தாக நினைக்கிறது. அப்படியானால் விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜியன் என்ற இடத்துக்குச் சென்று, ரீஜினல் பார்மட்டை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றுங்கள். பிறகு தேதியைத் திரும்ப டைப் செய்ய வேண்டும். பழைய தேதி தானாகத் திருந்தாது. எங்களுக்குச் சரியான விடை ஜனவரி 6.

அந்தப் பட்டியலில் என்னென்ன இருந்தன என்று சொல்கிறேன். கேஸ் இணைப்பை வேறு ஊருக்கு மாற்றும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். புது ஊரில் அதைக் காட்டித்தான் இணைப்பு. காலி சிலிண்டரை லாரியில் ஏற்றிவிடாதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டிலும் முகவரியை இணையத்திலேயே மாற்ற விண்ணப்பிக்கலாம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. பி.எப். பென்ஷன் பற்றி அப்பாவுக்குப் பெரிய கவலை இருந்தது. 2025 ஜனவரி முதல் நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் அந்தப் பென்ஷனை வாங்கும்படி முறை மாறிவிட்டதால், இதற்கு ஒதுக்கிய வரிசையை அடித்துவிட்டேன். லாரி நீலகிரிப் பதிவெண் கொண்டது. வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை. டி.என். 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

எந்த வீடு?

இந்த ஷீட்டை உண்மையில் முதலில் போட்டிருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதற்கு வெளியேயும் ஊர் நீண்டுகொண்டே போகிறது. சென்னை என்று சொன்னால் மட்டும் வீடு எங்கே என்று புரியாது.

ஏ-யில் வீடு, பி முதல் எஃப் வரை வாடகை, வெயில், தண்ணீர், போக்குவரத்து, மருத்துவமனை. இரண்டாம் வரிசையில் எது எவ்வளவு முக்கியம் என்று 5-க்குள் எண் கொடுங்கள். எங்களுக்கு 3, 5, 4, 3, 4. குளிரில் வாழ்ந்தவர்களுக்கு வெயில்தான் முதல் பிரச்சினை. மூன்றாம் வரிசையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் 5-க்கு மார்க். ஜி3-இல் பார்முலா:

=சம்புராடக்ட்(பி$2:எஃப்$2,பி3:எஃப்3)

முக்கியத்துவத்தையும் மார்க்கையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டித் தரும். வாடகை குறைவான மொட்டை மாடிக்குக் கீழ் வீடு ஒன்று 4, 2, 3, 4, 3 என்று வாங்கி 58-இல் நின்றது. முதல் மாடியில், கிழக்குப் பார்த்த இன்னொரு வீடு 3, 5, 3, 3, 3 என்று வாங்கி 67 எடுத்தது. கடைசி மாடி என்றால் பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் இரவு முழுவதும் வீட்டுக்குள் சூட்டை இறக்கும். அதை மே மாதத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், நாம் பார்ப்பதோ ஜனவரியில்.

ஆனால் ஒரு விஷயத்தை மார்க்கில் சேர்க்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா? வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், எதிர்க் கடையில் கேளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்றால் மருத்துவமனை அருகில் இருப்பதால் அதை ஈடுகட்ட முடியாது. அந்த வரிசையை நான் அழித்தேவிட்டேன்.

பெட்டி எண்ணும் புது அறையும்

பெட்டிகளுக்கு வெளியே பெரிய எழுத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். உள்ளே என்ன என்பது ஒர்க்ஷீட்டில் இருக்கட்டும். கே நெட்டு வரிசையில் புது வீட்டில் எந்த அறை என்று போட்டு, பில்டரில் அறைவாரியாகப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டிவிட்டோம். இறக்குபவர்கள் எண்ணைப் பார்த்து நேராக வைத்துவிட்டார்கள். "முதல் இரவு" என்று ஒரு பெட்டி தனி. அதில் மருந்து, போர்வை, பால் காய்ச்சப் பாத்திரம், ஸ்க்ரூ டிரைவர். அது லாரியில் கடைசியாக ஏற வேண்டும். ரஜாயும் ரூம் ஹீட்டரும் எந்தப் பெட்டியில் இருந்தால் என்ன, சென்னையில் யாரும் தேடப் போவதில்லை.

கம்ப்யூட்டரைப் பேக் செய்வதற்கு முன் அதன் பின்புறத்தை, எந்தக் கேபிள் எங்கே என்று தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது வந்த அட்டைப் பெட்டி இருந்தால் அதுவே சிறந்தது. மானிட்டரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். முக்கியமான பைல்களையும், குறிப்பாக இந்த ஒர்க்ஷீட்டையும், ஒரு பென் டிரைவில் காப்பி செய்து உங்கள் பையிலேயே வைத்திருங்கள். அதை லாரியில் போகும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்க அந்த ஒர்க்ஷீட்டையே தேடிய ஒரு நண்பர் எனக்கு உண்டு.

புது வீட்டில் பிரிட்ஜை இறக்கிய உடனே சுவிட்ச் போடாமல், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். கம்ப்யூட்டரை மலைக் குளிரிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்குக் கொண்டு வந்தால் உள்ளே ஈரம் படிய வாய்ப்புண்டு. மறுநாள் ஆன் செய்தால் நல்லது.

துளசியும் கற்பூரவல்லியும் செம்பருத்தியும் பால்கனியில் நன்றாக இருக்கின்றன. ஹைட்ரேஞ்சியா ஏப்ரலிலேயே கருகிவிட்டது. ஒர்க்ஷீட்டில் தொட்டிகளின் எண்ணிக்கையை 3 என்று மாற்றப் போனேன். அம்மா, "நாலுன்னே இருக்கட்டும் கண்ணு" என்றார். மாற்றாமல் சேவ் செய்துவிட்டேன்.